மணி அடிக்கும்வரை மதிலுக்குள்ளே

மாவுத்தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்த பிறகுதான், ஒளிய வேறு இடம் பார்த்திருக்கலாமோ என்று வென்டெலுக்குத் தோன்றியது. அதற்குள் மூக்கிலும் காதிலும் சட்டைக்குள்ளும் கோதுமை மாவு புகுந்துவிட்டது. தும்மல் வேறு வந்து தொலைத்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டான்.

கடை ஜன்னலில் அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

"அம்மா, இங்கே வென்டெல்னு ஒருத்தன் மாவு பிசையுறானாமே, இருக்கானா?"

சந்தேகமே இல்லை, எர்லாக் கிராமத்துக் காரியஸ்தர் பூர்கார்ட்தான். பிரபுவின் மாடுகளைவிடப் பிரபுவின் பண்ணையாட்களை மேய்ப்பதில் கெட்டிக்கார மனுஷன். முப்பது வருஷமாக இந்தக் குரல் "டேய்" என்றால் வென்டெலின் கால் தானாக ஓடும். இப்போதும் தொட்டிக்குள் கால் உதறத்தான் செய்தது.

"இருக்கானே!" என்றாள் கடைக்காரி ஹில்ட்ரூட். தூங்கும்போதுகூட அவள் வாய் ஓயாது என்று தெருவில் பேச்சு. "இப்பத்தான் இங்கே நின்னான். டேய் வென்டெல்! உன்னைத் தேடி யாரோ பெரிய மனுஷன் வந்திருக்காருடா!"

வென்டெல் மாவுக்குள் இன்னும் ஆழமாகத் தலையைப் புதைத்துக்கொண்டான்.

வருஷத்தில் இத்தனை நாள் கிடக்க, இன்றைக்கா வரவேண்டும்? லிண்டன்ஃபுர்ட் நகரத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிரபுவின் பண்ணையாளாக இருந்தாலும் சரி, ஓடிவந்து மதிலுக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் அப்புறம் அவன் யாருக்கும் ஆள் இல்லை, சொந்தக்கால் மனுஷன். நடுவில் அவனுடைய பிரபுவின் ஆள் வந்து பிடித்தால் போச்சு. ஒரே ஒரு தடவை மதிலுக்கு வெளியே காலை வைத்தாலும் போச்சு, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். வென்டெல் இந்த வருஷம் முழுக்க ஆற்றுப்பக்கம் போனதில்லை, அக்கரைத் திருவிழாவுக்குப் போனதில்லை. கூப்பிட்டவர்களிடமெல்லாம் முட்டிவலி என்று சொல்லி, இப்போது ஊரில் பாதிப்பேர் அவனைப் பார்த்தால் களிம்பு சிபாரிசு செய்கிறார்கள். வருஷம் நேற்றோடு முடிந்தது. இன்றைக்குத்தான் அந்த ஒரு நாள். சாயங்கால மணி அடித்தால் தீர்ந்தது.

சாயங்கால மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

தும்மல் ஜெயித்தது. தொட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் புகை கிளம்பியது. புகையோடு வென்டெலும் கிளம்பி, பின்கதவைத் தள்ளிக்கொண்டு தலைதெறிக்க ஓடினான். சந்தில் வாத்து விற்றுக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்து "மாதாவே, ஆவி!" என்று கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் வென்டெல்! நில்லுடா!" பின்னால் காரியஸ்தரின் குரல். "ஒரு வார்த்தை பேசணும்டா!"

அந்த ஒரு வார்த்தை என்னவென்று வென்டெலுக்குத் தெரியாதா? வாத்துகளுக்கு நடுவே புகுந்து ஓடினான்.

ஓடும்போது அவனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். நகரசபைக் கட்டடத்துக்கு அடியில் ஒரு சிறை இருக்கிறது. நகரத்துக் கைதியை வெளியூர்க்காரன் எவனும் தொட முடியாது. சின்னதாக ஒரு குற்றம் செய்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால், சாயங்கால மணி தலைக்குமேலேயே அடிக்கும். என்ன அருமையான யோசனை! தன்னைத்தானே மெச்சிக்கொண்டு சந்தைக்குள் பாய்ந்தான்.

சந்தைக் கண்காணி சீஃப்ரிட் தராசுக்குப் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வென்டெல் அவர் காலடியில் போய் விழுந்தான்.

"ஐயா, என்னைப் பிடிங்க!"

"ஏன், விழுந்துடுவியா?"

"இல்லைங்க, கைது பண்ணுங்க. நான் குத்தம் செஞ்சிருக்கேன். ரொட்டியிலே எடையைக் குறைச்சுட்டேன்."

"எவ்வளவு குறைச்சே?"

"எவ்வளவு குறைச்சா உள்ளே போடுவீங்க?"

சீஃப்ரிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார். தானாக வந்து ஒப்புக்கொண்ட அடுமனைக்காரன் ஒருத்தன் கிடையாது. "எல்லாப் பயலும் என் தராசுமேலதான் பழி போடுவான்யா. நீ ஒருத்தன்தான் மனுஷன்!" என்று அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கறுப்பு அங்கியெல்லாம் மாவானது.

"அப்ப உள்ளே போடுங்க."

"எடை குறைச்சவனை எதுக்குய்யா உள்ளே போடணும்? கூண்டுல உட்கார வெச்சு ஆத்துல மூணு முக்கு! சனங்க பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு, பாவம்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி தன் பிள்ளைகளைக் கூட்டிவர வீட்டுக்கு ஓடினாள்.

"ஆறு..." வென்டெல் ஓரடி பின்வாங்கினான். "ஆறு மதிலுக்கு வெளியே இல்லே இருக்கு?"

"பின்னே, சந்தை நடுவிலயா ஓடும்?"

"ஐயா, நான் பொய் சொன்னேன்! எடையெல்லாம் சரியாத்தான் இருக்கு!"

"இந்த வயசுல குளிர்ந்த தண்ணிக்குப் பயப்படலாமா?" என்று சீஃப்ரிட் தட்டிக்கொடுத்தார். "முட்டிவலிக்கு நல்லதுய்யா."

அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹில்ட்ரூட் வந்தாள். கையில் அன்றைய ரொட்டி. விஷயம் அவள் காதுக்கு எட்டிவிட்டது.

"எவன்டா என் ரொட்டியைக் குறைச்சல்னு சொன்னது?"

எல்லோரும் வென்டெலைக் காட்டினார்கள்.

"நீயாடா? உப்புப் போட்டுச் சோறு போட்டேனேடா உனக்கு! வையுங்கய்யா தராசுல!"

ரொட்டியைத் தட்டில் போட்டாள். தட்டு 'டங்' என்று தரையில் போய் உட்கார்ந்தது. இருக்க வேண்டியதைவிடக் கனம். கூட்டம் வாடிப்போயிற்று. வெகுநாளைக்குப் பிறகு ஒரு முழுக்கு பார்க்கலாம் என்று வந்தவர்கள்தானே? வென்டெலுக்கு மட்டும் உயிர் வந்தது.

சீஃப்ரிட் தொண்டையைக் கனைத்தார். "அப்ப இது அவதூறு. நல்ல ரொட்டியைக் கெட்டதுன்னு சொல்லி, ஒரு கடைக்காரி மானத்தை வாங்கியிருக்கே. இதுக்கும் சட்டம் இருக்கு."

"உள்ளே போடுவீங்களா?" என்றான் வென்டெல் ஆசையாக.

"மூணு நாள் ஊர்விலக்கு. பிடிச்சு வாசலுக்கு வெளியே விட்டுடுவோம்."

அட, என்ன ஊரய்யா இது! உள்ளே வருவதற்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகிறது, வெளியே போவதற்கு வாயைத் திறந்தால் போதும். வென்டெலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போதாக்குறைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் காரியஸ்தர் பூர்கார்டின் தொப்பி தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நகரக் காவலன் ஒருவன் பக்கத்தில் வந்ததும் சட்டென்று ஒரு பீப்பாய்க்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

'ஆள் பலே கைகாரன், தனியாக மாட்டட்டும் என்று காத்திருக்கிறான்' என்று வென்டெல் பல்லைக் கடித்தான்.

காவலர்கள் இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்தார்கள். வேறு வழி இல்லை. தேவாலயத்தை ஒட்டிச் சாமியார்கள் நடத்தும் ஆஸ்பத்திரி இருக்கிறது. மெத்தை உண்டு, கஞ்சி உண்டு, முக்கியமாக அது மதிலுக்குள் இருக்கிறது. வென்டெல் கண்ணைச் சொருகிக்கொண்டு சரிந்தான்.

"ஐயோ! காய்ச்சல்! உடம்பு அனலா கொதிக்குது!"

ஓடிவந்த வேர்வையில் முகத்து மாவு குழைந்து, வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக உரிந்துகொண்டிருந்ததை அவன் அறியான்.

"அய்யய்யோ, மூஞ்சி உரியுதுய்யா!" என்று ஒருத்தன் அலறினான்.

"விஷக்காய்ச்சல்!" என்றான் இன்னொருத்தன்.

அவ்வளவுதான். தோளைப் பிடித்திருந்த கைகள் காணாமல் போயின. கூட்டம் பத்தடி பின்வாங்கியது. சீஃப்ரிட் அங்கி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அங்கியில் இருந்த மாவைப் பார்த்ததும் அலறி, கையை எடுத்துவிட்டார்.

"கொட்டகைக்குக் கொண்டுபோங்க! சீக்கிரம்!"

"எந்தக் கொட்டகை?" என்று நோயாளியே எழுந்து உட்கார்ந்து கேட்டான்.

"விஷக்காய்ச்சல் கொட்டகை. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

வென்டெல் மறுபடி படுத்துக்கொண்டான். வானத்தைப் பார்த்தான். சூரியன் தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்த ஊரில் திருடனுக்கு உள்ளே இடமில்லை, நோயாளிக்கு இடமில்லை, வாயாடிக்கு இடமில்லை. யாருக்குத்தான் இடம் இருக்கிறது? தேவாலயத்தைச் சுற்றி வரிசையாகக் கல்லறைகள் தெரிந்தன. ஆகா! ஊருக்கு நட்டநடுவில், யாரும் கிளப்பாமல், நிம்மதியாகக் கிடக்கிறார்களே!

ஒரு விக்கல் விக்கினான். காலை ஒரு உதறு உதறினான். செத்துப்போனான்.

"வென்டெல்!" என்று ஹில்ட்ரூட் வீறிட்டாள். பத்தடி தள்ளி நின்றபடியே மாரில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுஷா! உன்னை மாதிரி மாவு பிசைய இனிமே எனக்கு எவன் கிடைப்பான்? கருகின ரொட்டியை உன் தலையில எறிஞ்சேனே, அதை மனசுலயே வெச்சுக்கிட்டியாடா?"

வென்டெலுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இவளுக்குத் தன்மேல் இவ்வளவு பாசமா? கண்ணோரத்தில் ஒரு சொட்டு வந்தது. செத்தவன் அழக்கூடாது என்று உள்ளுக்குள் அதட்டிக்கொண்டான்.

"அழாதே அம்மா," என்றார் சீஃப்ரிட். "இவன் எந்த ஊரு? இங்கே வந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆச்சா? ஆகலேன்னா தேவாலயத்து மண்ணுல இடம் கிடையாது, சொந்த ஊருக்குத்தான் அனுப்பணும்."

"ஆச்சே! இன்னிக்குச் சாயங்கால மணியோட சரியா ஆகுது!"

"மணி இன்னும் அடிக்கலையே."

"கொஞ்ச நேரம் இருந்தா அடிச்சிடும்ங்க!"

"விஷக்காய்ச்சல் பொணத்தை வெச்சுக்கிட்டு மணிக்குக் காத்திருக்கச் சொல்றியா? சட்டம்னா சட்டம். இவன் ஊர் எதுன்னு யாருக்காவது தெரியுமா?"

பீப்பாய்க்குப் பின்னாலிருந்து காரியஸ்தர் முண்டியடித்துக்கொண்டு வந்தார். முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

"செத்துட்டானா? டேய், எர்லாக் வென்டெல்! இப்பப் போய்ச் செத்துட்டியேடா!"

"நீங்க யாருங்க?"

"நான் எர்லாக் காரியஸ்தர்..." என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்பாடா!" சீஃப்ரிட்டின் முகம் மலர்ந்தது. "உங்க ஊர் ஆளு, நீங்களே வந்திருக்கீங்க, கடவுள் செயல்! வண்டி தர்றேன், இருட்டறதுக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க."

"நானா? இப்பவா? எர்லாக்குக்கா?"

"பின்னே ரோமாபுரிக்கா?"

கழுதை வண்டி வந்தது. நீளக் கம்புகளால் கம்பளியில் சுருட்டி வென்டெலைத் தூக்கிப் போட்டார்கள். காரியஸ்தர் கையில் கழுதையின் கயிற்றைத் திணித்தார்கள். சீஃப்ரிட் முன்னால் மணி ஆட்டிக்கொண்டு போனார். ஹில்ட்ரூட் பின்னால் அழுதுகொண்டு வந்தாள்.

கம்பளிக்குள் வென்டெல் வேர்த்து ஊற்றினான். இது என்ன கொடுமை! ஒரு வருஷம் யாருக்குப் பயந்து ஒளிந்தானோ, அந்த ஆள் கையாலேயே, அதே பிரபுவின் மண்ணுக்கு, கழுதை வண்டியில் ஊர்வலம். எழுந்து உட்கார்ந்தால் காரியஸ்தர் "என் ஆள்!" என்று பிடித்துவிடுவார். படுத்தே கிடந்தால் வாசலைத் தாண்டிவிடும்.

"கழுதையை முன்னால இழுங்கய்யா," என்று சீஃப்ரிட்டின் குரல் கேட்டது. "ஏன் பின்னால இழுக்கறீங்க?"

"பழக்கமில்லாத கழுதைங்க," என்றார் காரியஸ்தர். பிறகு கம்பளிக்குப் பக்கத்தில் குனிந்து கிசுகிசுத்தார். "டேய் வென்டெல். வயிறு ஏறி இறங்குது, எனக்குத் தெரியுது. நீ சாகலை."

"செத்துட்டேன்," என்றான் வென்டெல் உதட்டை அசைக்காமல்.

"செத்தவன் பேசுவானாடா?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"எழுந்திருடா. உன் கால்ல விழறேன். எழுந்து உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நான் உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன்."

நல்ல கதை! உயிரோடு கட்டி இழுத்துக்கொண்டு போனால்தான் பிரபுவிடம் பேர் கிடைக்கும், பிணத்தைக் கொண்டுபோனால் என்ன லாபம்? அதுதான் ஆள் கெஞ்சுகிறார். வென்டெல் இன்னும் நன்றாகச் செத்தான்.

வாசல் வந்துவிட்டது. வாசற்காவலன் யோப்ஸ்ட் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன சரக்கு?"

"பொணம்," என்றார் சீஃப்ரிட். "அடுமனை வென்டெல்."

யோப்ஸ்ட் கடிப்பதை நிறுத்தினான். "வென்டெலா? அடடா." கம்பளியைப் பார்த்தான், காரியஸ்தரைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். "தலை முன்னால இருக்கே. பொணம் கால் முன்னால இல்லே போகணும்? திருப்புங்க."

"விஷக்காய்ச்சல்யா! யார் தொடறது?"

"எனக்குத் தெரியாதுங்க. தலை முன்னால போச்சுன்னா ஆவி திரும்ப வழி கண்டுபிடிச்சு வந்துடும். அப்புறம் ராத்திரி கதவைத் தட்டினா யார் திறக்கறது, நீங்களா நானா?"

காரியஸ்தர் அதைக் கேட்டு ஓடிவந்து, யாருக்கும் இல்லாத அக்கறையோடு பிணத்தைத் திருப்பினார். மெதுவாகத் திருப்பினார். போதாதென்று இன்னொரு தடவை திருப்பினார். தலை மறுபடி முன்னால் வந்துவிட்டது. சீஃப்ரிட் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

"போதும்! ஓட்டு!" என்று சீஃப்ரிட் கழுதையின் பின்புறத்தில் ஓங்கி ஒன்று வைத்தார்.

கழுதை பாய்ந்தது. கழுதையின் முன்கால் மதிலுக்கு வெளியே போனது. பின்கால் போனது. வண்டியின் மூக்கு போனது. வாசற்படிக் கல் வென்டெலின் குதிகாலுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல்...

பிணம் இரண்டு முட்டியையும் மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டது.

"மாதாவே!" ஹில்ட்ரூட் கத்தினாள். "பொணம் காலை மடக்குது!"

சீஃப்ரிட் மணியைக் கீழே போட்டுவிட்டுச் சந்தை வரைக்கும் நிற்காமல் ஓடினார். காரியஸ்தர் வண்டியின் பின்கட்டையைக் கட்டிப்பிடித்துக் காலை ஊன்றிக்கொண்டார். கழுதை முன்னால் இழுக்க, அவர் பின்னால் இழுக்க, வண்டி வாசல் வளைவுக்கு நடுவில் கிரீச்சிட்டு நின்றது.

அப்போது கோபுரத்தில் சாயங்கால மணி அடித்தது.

ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. வென்டெல் எண்ணி முடித்தான். கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தான். வண்டியிலிருந்து உள்பக்கமாகக் குதித்தான். ஹில்ட்ரூட்டைப் பிடித்துச் சுற்றோ சுற்று என்று சுற்றினான். அவள் முதலில் ஆவி என்று நினைத்து அலறினாள். பிறகு அவன் முட்டி வலிக்காமல் ஆடுவதைப் பார்த்து இன்னும் பெரிதாக அலறினாள். கடைசியில் அவனை நாலு சாத்து சாத்தி, கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் செத்துட்டேன்னு நெஜமாவே நெனச்சேனேடா, படுபாவி!"

"அக்கா, இனிமேதான் அக்கா உசிரோடவே இருக்கப்போறேன்!"

அப்புறம் காரியஸ்தர் பக்கம் திரும்பினான். முப்பது வருஷத்துக் கோபமும் ஒரு வருஷத்துப் பயமும் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்கு வந்தன.

"என்னய்யா பூர்கார்ட்! மணி காதுல விழுந்துச்சா? இனிமே நான் யாருக்கும் ஆள் இல்லை. டேய் கீய்னு கூப்பிட்டா பல்லு போயிடும்! போய் உங்க பிரபுகிட்ட சொல்லு, வென்டெல் கிடைக்கமாட்டான், வேணும்னா ரொட்டி அனுப்பறேன்னு! போய்யா, வெளியே போ! வாசல் திறந்துதானே இருக்கு?"

காரியஸ்தர் போகவில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல் விசும்பி விசும்பி அழுதார். ஏதோ சொல்ல வந்தார், மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை.

யோப்ஸ்ட் மிச்ச வெங்காயத்தை வாயில் போட்டுக்கொண்டு, கழுதையையும் வண்டியையும் காரியஸ்தரையும் உள்ளே இழுத்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"அவரை ஏன்யா விரட்டறே, பாவம்? 'பிரபுகிட்டேருந்து நானும் ஓடி வந்துட்டேன், ஒரு வருஷமும் ஒரு நாளும் எப்படி ஒளியறதுன்னு சொல்லித்தர இங்கே யாராவது இருக்காங்களா'ன்னு மத்தியானம் வந்து கேட்டாரு, நான்தான் உன் கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன்."